ஆறுச்சாமிக்கு ஓர் உபசாரப் பத்திரம்

கோயமுத்தூரில் பந்தாட்டம் பார்க்க வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கோல் போடுகிறவன் பின்னால்தான் அலைவார்கள். நானும் கோட்டைமேட்டுச் சோடாக்கடைக் கரீம் பாயும் அந்தக் கூட்டமில்லை. நாங்கள் பேக் ஆடுகிறவன் கட்சி. கடைசியில் நின்று வருகிறவனை மறிக்கிறவன்தான் ஆட்டக்காரன், மற்றவனெல்லாம் பந்திக்கு முந்துகிறவன் என்பார் பாய். சௌந்தரவல்லி மில் டீமுக்கு எட்டு வருஷம் பேக் ஆடிய ஆறுச்சாமி எங்கள் ஆள். அவனைக் கெடுத்தவர்களும் நாங்கள்தான். நாங்கள் என்று எதற்கு மழுப்ப வேண்டும்? நான்தான்.

என் பேர் திருமலைசாமி நாயுடு. ஒப்பணக்கார வீதியில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவன். கூடவே ஒரு கிறுக்கும் உண்டு. கல்யாண வாழ்த்து, மாற்றலாகிப் போகிற தாசில்தாருக்கு உபசாரப் பத்திரம், இதையெல்லாம் நானே எழுதி நானே கோத்து அச்சடித்துக் கொடுப்பேன். 'அன்பின் உறைவிடமே, அறத்தின் ஊற்றுக்கண்ணே' என்று ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஊரை விட்டுப் போன தாசில்தார்கள் அத்தனை பேரும் அறத்தின் ஊற்றுக்கண்ணாகத்தான் போனார்கள்.

ஆறுச்சாமிக்கு ஊர் அவிநாசிக்கு வடக்கே. இரண்டு வள்ளம் மானாவாரிக் காடு, ஒரு வருஷம் சோளம், ஒரு வருஷம் மண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் மழை சுத்தமாக ஏமாற்றியதும் சிங்காநல்லூர் ரோட்டிலிருந்த அந்த மில்லுக்கு வந்து சேர்ந்தான். அதுவரை பந்தைத் தொட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் டீமில் ஓர் ஆள் குறைந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இவனை, ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறானே என்று இழுத்துவிட்டு, "வர்றவனை மறி, அவ்வளவுதான்" என்றார்கள். வந்தவனை இடுப்போடு கட்டிப்பிடித்துத் தூக்கி வெளியே வைத்துவிட்டான்! ரெபரி விசிலடித்துத் திட்டினார். "பின்ன எப்படீங்க நிறுத்தறது?" என்று நிஜமாகவே கேட்டான். மைதானமே சிரித்து உருண்டது. மறு வருஷம் சிரிக்க ஒருவரும் இல்லை. அவனைத் தாண்டிப் போக முடியாது என்பது திருப்பூர் வரைக்கும் தெரிந்துபோயிற்று.

அடிபட்ட கணக்கு தனி. முதலில் காறை எலும்பு. பிறகு முப்பத்துமூன்றில் வெலிங்டனிலிருந்து வந்த பட்டாளத்து டீம். அவர்கள் காலில் பூட்ஸ், இவன் வெறுங்கால், கணுக்காலில் ஒரு துணிச்சுற்று. பூட்ஸுக்குக் கீழே கால் எலும்பு முறிந்த சத்தம் எங்கள் பக்கம் கேட்டது. முட்டை வெள்ளையும் உளுத்தம் மாவும் குழைத்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். ஆறாம் வாரம் ஆட வந்துவிட்டான். அவசரம் அவனுக்கில்லை, மில் மானேஜருக்கு. அதற்கப்புறம் வலது முழங்கால். ஒருதரம் புரண்டது, நாட்டு வைத்தியர் இழுத்துவிட்டார். மறுதரம் புரண்டது, மறுபடியும் இழுத்துவிட்டார். மூன்றாம்தரம் அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது இனி உன்ற சொல்லு கேக்காது கண்ணு" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

நடுவில் வேறொரு மில்லில் கூப்பிட்டார்கள். மேஸ்திரி வேலை, தனி வீடு. போய்த் தொலையேன் என்று நான் எரிந்து விழுந்தேன். "கால் ஒடிஞ்சு கெடந்தப்ப என்ற வேலைய வெச்சிருந்தாங்களேண்ணா. அவங்க உப்பைத் தின்னுபோட்டு அடுத்த வாசல்ல போயி நிக்கறதுங்களா?" என்றான். அவன் அப்படித்தான். வேலையை வைத்திருந்தது அவன் முகத்துக்காக இல்லை, அவன் ஜெயித்துக் கொடுக்கிற ஷீல்டுக்காக என்பதை நான் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முப்பத்தேழு தை மாதத்தோடு ஆட்டம் முடிந்தது. ஆட்டம் போனால் போகட்டும், மில் வேலை நிற்க வேண்டுமே! அவனுக்கு ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிற வேலை. வரிசையாகக் கதிர்கள் சுற்றிக்கொண்டேயிருக்கும், நூல் அறுந்த இடத்துக்கெல்லாம் ஓடி ஓடி ஒட்ட வேண்டும். பத்து மணி நேரம் நடை. மடங்காத முழங்காலோடு அது எப்படி முடியும்? பக்கத்துச் சைடு பார்த்த அப்புசாமியும் அவனுக்கு அந்தப் பக்கம் நின்ற வெள்ளியங்கிரியும் இவன் நூலையும் சேர்த்து ஒட்டினார்கள். இவன் மிஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அவர்கள் ஓடுவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலு மாதம். மானேஜருக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். மில் கொடுத்த லைன் வீடும் போகும். பொண்டாட்டி தெய்வாத்தாள், மூன்று பெண் குழந்தைகள். ஊரில் காடும் இல்லை, அதைக் காலுக்கு வைத்தியம் பார்த்தே தின்றாகிவிட்டது.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. மில் கேட்டில் நின்ற வயசான வாட்ச்மேன் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த வேலை கிடைத்தால் ஸ்டூல் போட்டு உட்காரலாம். ஆனால் கேட்கப் பயந்தான். ஏன் கேட்கிறாய் என்று மானேஜர் திருப்பிக் கேட்டால் காலைக் காட்ட வேண்டுமே!

இந்தச் சமயத்தில்தான் கரீம் பாய், "நம்ம ஆளு சும்மா ஆடாம நின்னு போறதா? ஒரு ஞாயித்துக்கிழமை மாலை போட்டு, மேளம் வெச்சு, பத்திரம் வாசிச்சு அனுப்போணும்" என்று ஆரம்பித்தார். ஆறுச்சாமி வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான். தெய்வாத்தாள்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, மானேஜரும் வருவாருங்களா?"

"அவர் தலைமையில்தான் அம்மணி."

"அப்ப நாலு பேரு முன்னால அவரு மனசு எளகற மாதிரி எழுதுங்கண்ணா. அந்தக் கேட்டு வேலைய எப்படியாச்சும் வாங்கிக் குடுத்துப்போடுங்க. நீங்க எழுதுனா ஆகும்னு இவுங்களே சொல்லுவாங்க."

நீங்க எழுதுனா ஆகும்! இதைவிட ஒரு மடையனுக்கு என்ன சொல்ல வேண்டும்? மூன்று நாள் சோறு தண்ணி மறந்து எழுதினேன். 'கொங்கு நாட்டின் கோட்டை மதிலே' என்று எடுத்து, முறிந்த எலும்புகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன். மானேஜர் மனசு இளக வேண்டுமே என்று, 'ஈரிரு திங்களாய் இயந்திரத்தின் பக்கலில் ஒற்றைக் காலூன்றி நின்று உழைத்த உத்தமனே' என்று ஒரு வரி போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நம் பக்கத்தில் பத்திரிகையில் ஒரு பேர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். மாமன் பேர் விட்டுப்போனால் மாமன் வர மாட்டான், பங்காளி பேர் விட்டுப்போனால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு இருக்காது. அந்தச் சண்டைகளுக்கெல்லாம் அச்சுக்கூடத்தில் சாட்சி நானே. உதவி செய்தவன் பேரைச் சொல்லாமல் விடுவது எங்கள் தொழிலில் பாவம். அதனால் என் கை தானாகவே அடுத்த வரிக்குப் போய்விட்டது: 'நின் நூலையும் தம் நூலாய்க் கருதி நாளும் ஒட்டிய நண்பர் அப்புசாமி, வெள்ளியங்கிரி எனும் இரு தோள்களை உடையோய்!' எதுகை மோனையெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். வேறொன்றும் பார்க்கவில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. மில்லுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். ஆறுச்சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தான், மடக்க முடியவில்லை. பந்தை அவன் காலுக்கு முன்னால் வைத்தோம். இடது காலால் மெதுவாகத் தள்ளினான். அழாத ஆளில்லை. என்றைக்கும் கிண்டலைத் தவிர வேறு பேச்சில்லாத கரீம் பாய் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பத்திரத்தை நான் வாசித்தேன். மேளச் சத்தத்திலும் என் செந்தமிழிலும் ஒருவருக்கும் ஓர் எழுத்து விளங்கியிருக்காது. ஆனாலும் வரிக்கு வரி கைதட்டினார்கள். அப்புசாமி மட்டும் தன் பேர் வந்ததும் பக்கத்திலிருந்தவனை இடித்து, "என்ற பேருடா!" என்று கத்தினான், பிறகு என்னிடம் ஒரு பிரதியை வாங்கி மடியில் செருகிக்கொண்டான். மானேஜர் எழுந்து மாலை போட்டார். கண்ணாடி போட்ட பத்திரத்தை ஆறுச்சாமி கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நல்ல தமிழ் ஐயா. எனக்கு ஒரு பிரதி கொடுங்கள், வீட்டில் நிதானமாகப் படிக்க வேண்டும்" என்றார். மூன்று கொடுத்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு வேறு கொடுத்தேன்.

திங்கட்கிழமை அப்புசாமிக்கும் வெள்ளியங்கிரிக்கும் வேலை போயிற்று. நாலு மாதமாக ஆள் மாற்றி மில்லை ஏமாற்றியதாகக் குற்றம். எப்படித் தெரிந்தது என்று அவர்கள் கேட்டதற்கு, "எல்லாம் தெரியும், போ" என்றாராம் மானேஜர். ஆறுச்சாமியைத் தனியாகக் கூப்பிட்டு மேஜைமேல் என் பத்திரத்தை வைத்து, அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்ததைக் காட்டியிருக்கிறார். பிறகு, "இத்தனை பேர் உன்னைக் கொண்டாடுகிறார்கள், உன்னை அனுப்பினால் எனக்குக் கெட்ட பேர். கேட்டில் நின்றுகொள். ஆனால் அந்த இரண்டு பேரும் கேட்டுக்குள் கால் வைத்தால் அன்றைக்கே உனக்கும் சீட்டு" என்று சொல்லியிருக்கிறார். இதை ஆறுச்சாமிதான் எனக்குச் சொன்னான். வேறு யாருக்கும் சொல்லவில்லை. "நீங்க நல்லதுக்குத்தானுங்க செஞ்சீங்க" என்றான். நாலு அறை கொடுத்திருந்தால் தேவலை.

வியாழக்கிழமை காலையில் ஷிப்டு மாறுகிற நேரம். மானேஜரிடம் எதையாவது பேசிப் பார்க்கலாம் என்று நானும் பாயும் மில்லுக்குப் போனோம். எங்களுக்கு முன்னாலேயே அப்புசாமி கேட்டில் நின்றிருந்தான். ஆறுச்சாமி காக்கிச் சட்டையில், கதவுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றான். மாடி ஜன்னலில் மானேஜர் தெரிந்தார்.

"அண்ணா, மானேஜரு காலுல விழுந்து ரெண்டே ரெண்டு வார்த்தை சொல்லிப்போட்டு வந்தர்றேன்."

"உத்தரவு இல்ல அப்புசாமி."

"என்ற ஊட்டுல அடுப்பு பத்தவெச்சு ரெண்டு நாளாச்சுங்கண்ணா."

"போயிரு சாமி. உன்னைக் கும்புட்டுக் கேக்கறேன், போயிரு."

அப்புசாமி கையை விலக்கப் பார்த்தான். ஆறுச்சாமி விடவில்லை. அழுதுகொண்டே நின்றான், ஆனால் கையை இறக்கவில்லை. உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களுமாக முந்நூறு பேர் அதைப் பார்த்தார்கள். முந்தின ஞாயிறு தோளில் தூக்கிய ஆட்கள்தான் அதில் பாதிப் பேர். ஒருத்தன் காறித் துப்பினான்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. கேட்டு வேலைக்காக ஆறுச்சாமி கூட்டாளிகளைக் காட்டிக் கொடுத்துவிட்டான். கரீம் பாயே சோடாப் புட்டியைக் கழுவிக்கொண்டே, "பால் ஊத்துனவன் கையையே கடிச்சுபுட்டானே நாயுடு" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காலம் அப்படி, பாய்" என்றேன். இந்த நாக்கை என்ன செய்தால் தகும்! உண்மையைச் சொன்னால் ஊர் என் பக்கம் திரும்பும், அச்சுக்கூடத்துக்கு ஒருத்தனும் வாழ்த்து எழுதச் சொல்லி வர மாட்டான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். ஆறுச்சாமியும் வாயைத் திறக்கவில்லை. தெய்வாத்தாளுக்கு லைன் வீடுகளில் தண்ணீர்க் குழாயடியில் யாரும் இடம் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

வெள்ளியங்கிரி சொந்த ஊருக்குப் போய்விட்டான். அப்புசாமி ஆனைமலையில் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனான். அங்கே குளிர்காய்ச்சல் எப்படி என்று கோயமுத்தூரில் எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் போகிறவன் வேறு போக்கில்லாதவன். மறு வருஷம் ஆடியில் அந்தக் காய்ச்சலிலேயே செத்தான். அங்கேயே புதைத்துவிட்டு அவன் பொண்டாட்டி சுப்பாத்தாள் ஒரு தகரப் பெட்டியோடும் கைக்குழந்தையோடும் உப்பிலிபாளையத்துக்குத் திரும்பி வந்தாள்.

அவள் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறுச்சாமி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒரு வருஷத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் அவனை அருகில் பார்க்கிறேன். தலை பாதி நரைத்திருந்தது. வயசு முப்பதுகூட இல்லை.

"துக்கம் கேக்கப் போகோணுங்கண்ணா. தனியாப் போறதுக்குத் தைரியம் இல்லீங்க. கூட வாரீங்களா?"

ஜட்கா பிடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றான். காலை இழுத்து இழுத்து நடந்தான், நான் பக்கத்தில் நடந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று வழியெல்லாம் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். அவனிடமும் சொன்னேன். "வேண்டாமுங்க. செத்தவன் வரப்போறானுங்களா?" என்றான்.

ஓலைக் குடிசை. வாசல் படலைத் திறந்ததும் சுப்பாத்தாள் எழுந்து வந்தாள். ஆறுச்சாமியைப் பார்த்தாள். ஒப்பாரி வைக்கவில்லை, திட்டவில்லை.

"நீங்க வராதீங்கண்ணா" என்றாள். "அங்கயே நில்லுங்க. அவரு பேரைச் சொல்லிக் குடுத்துப்போட்டுத்தான அந்தக் காக்கிய வாங்குனீங்க. இந்தப் படலைத் தாண்ட வேண்டாமுங்க."

ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பிரஸ்காரருங்களா? நீங்க வாங்க. உள்ளார வந்து உக்காருங்க."

என் கால் உள்ளே போயிற்று. போனேன். பாயில் உட்கார்ந்தேன். சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். என் பத்திரம்தான். மடித்து மடித்து, மடிப்பில் கிழியப் பார்த்தது.

"அவரு பேரு அச்சுல வந்தது இது ஒண்ணுதானுங்க. எஸ்டேட்டுல காய்ச்சல்ல கெடக்கறப்பவும் இதைத்தான் எடுத்து வெச்சுப் பாத்துக்கிட்டிருப்பாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எந்த எடத்துல இருக்குதுன்னு காட்டுங்க."

விரலை வைத்துக் காட்டினேன். அவளும் விரலை அங்கே வைத்தாள். எழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு குழந்தையின் கையைப் பிடித்து அதன் விரலையும் அங்கே வைத்தாள்.

"பேரைச் சுத்தி என்னங்க எழுதியிருக்குது?"

வாசலில் வெயில். படலுக்கு அப்பால் ஆறுச்சாமி நின்றுகொண்டிருந்தான், நாங்கள் பேசியதெல்லாம் அவன் காதில் விழும் தூரம். நான் சொல்லவில்லையென்றாலும் அவன் சொல்லலாம். ஒரு வார்த்தை போதும், அவனை உள்ளே கூப்பிட்டு என்னை வெளியே தள்ளியிருப்பாள். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நல்லவர்னு எழுதியிருக்குது அம்மணி" என்றேன்.

"நல்லவருதானுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். நான் சொம்புத் தண்ணீரைக் குடித்தேன்.